"மனிதர்" என்ற சொல்லில் ஸ்திரீகள் அடக்கமா?

சட்டப் புஸ்தகங்களில் வரும் "மனிதன்", "நபர்", "பிரஜை" என்ற சொற்களுக்கு அர்த்தம் என்னவென்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையனும் தயங்காமல் விடை சொல்லிவிடுவான். ஆனால் உலகத்தின் பெரிய நியாயஸ்தலங்கள் இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்ல மாட்டாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடர்ப்பட்டன. வரி விதிக்கும் சட்டத்தில் "மனிதன்" என்று வந்தால் அதில் ஸ்திரீயும் அடக்கம் என்றார்கள். சிறைக்கு அனுப்பும் சட்டத்திலும் அப்படியே சொன்னார்கள். வாக்குரிமையையோ, உத்தியோகத்தையோ, தொழில் நடத்தும் உரிமையையோ வழங்கும் சட்டத்தில் அதே சொல் வந்தபோது மட்டும், அது புருஷரையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தார்கள். சுமை சுமப்பதற்கு அவள் மனிதப் பிறவி. சுதந்தரம் அனுபவிப்பதற்கு அல்லள்! பெண்ணுரிமையின் சரித்திரத்தில் பெரும் பகுதி இந்த இரட்டை அர்த்தத்தை எதிர்த்து நடந்த போராட்டமே என்பது நமது துணிபு. அந்தப் போராட்டம் முடிந்துபோன பழங்கதை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அது முடியவில்லை என்பதைக் காட்டவே இதை எழுதுகிறோம்.

1789-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுப் புரட்சிக்காரர் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தை அறியாத அரசியல்வாதி இல்லை. அந்த வருஷம் அக்டோபர் மாதத்தில் பாரிஸ் நகரத்துச் சந்தைப் பெண்கள் வெர்ஸேல்ஸ் அரண்மனைக்கு நடந்து சென்று அரசனைத் தலைநகருக்கு வரச் செய்தார்கள். புரட்சியின் உழைப்பில் அவர்களுக்குப் பங்கிருந்தது. பிரகடனத்தின் பயனில் பங்கில்லை. "மனிதன்" என்று அதில் எழுதியிருந்தது ஆண்மகனையே குறித்தது. 1791-இல் ஒலிம்ப் தெ கூழ் என்ற மாது இதற்கு எதிராகப் பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். கொலைமேடையில் ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பிரசங்க மேடையில் ஏறும் உரிமையும் அவளுக்கு உண்டு என்பது அவருடைய வாதம். 1793 நவம்பரில் அவர் கொலைமேடையில் ஏற்றப்பட்டார். பிரசங்க மேடையோ அவருடைய சகோதரிகளுக்குத் திறக்கவில்லை. பிரெஞ்சு ஸ்திரீகளுக்கு வாக்குரிமை அளிக்கும் உத்தரவு 1944-இல்தான் பிறந்தது. பிரகடனத்துக்கும் இதற்கும் இடையே 155 வருஷங்கள்!

பிரான்ஸில் புரட்சிக்காரர் செய்ததை இங்கிலாந்தில் நீதிபதிகள் செய்தார்கள். ஆண்பாற் சொற்கள் பெண்பாலாரையும் தழுவும்; மாறாக வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டுமே விலக்கு என்று பார்லிமெண்டு 1850-இல் ஒரு சட்டம் செய்தது. 1867-ஆம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பற்றிப் பேசும்போது "மனிதன்" என்ற சொல்லையே வழங்கிற்று. அந்த மசோதா விவாதத்தில் இருந்தபோதே ஜான் ஸ்டூவர்ட் மில், அச்சொல்லை எடுத்துவிட்டு "நபர்" என்று மாற்ற வேண்டுமெனப் பிரேரேபித்தார். அவருக்குச் சாதகமாக 73 வாக்குகளும் பாதகமாக 196 வாக்குகளும் விழுந்தன. மாற்றம் தோற்றாலும் 1850-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறதே என்று நம்பி, மான்செஸ்டர் நகரத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வாக்காளர் ஜாபிதாவில் தங்கள் பெயரைச் சேர்க்கக் கோரினார்கள். 1868-இல் வழக்கு நடந்தது. அவர்களுக்காக வாதித்த வக்கீல்களில் ஒருவர் ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட். பெண்ணுக்கு வாக்களிக்கும் யோக்கியதையே தொன்றுதொட்டு இல்லையாகையால் "மனிதன்" என்ற சொல் அவளைத் தழுவாது என்று நீதிபதிகள் வழக்கைத் தள்ளினார்கள். ஒருபோதும் கொடுக்கவில்லை, ஆகையால் இனியும் கொடுக்க வேண்டியதில்லை! இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால் உலகத்தில் எந்த அநீதிதான் நீங்கும்? இங்கிலாந்துப் பெண்கள் புருஷரோடு சமமான வாக்குரிமை பெற 1928 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

அமெரிக்காவில் இந்த இரட்டை அர்த்தம் இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்டது. ஸூஸன் அந்தனி அம்மையார் 1872 நவம்பரில் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் துணிந்து வாக்களித்தார். அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் பிரஜைகளின் உரிமைகளைக் காப்பதால், பிரஜையாகிய தமக்கு வாக்குண்டு என்பது அவர் கட்சி. அதற்காக அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். எந்தச் சட்டத்தின்படி குற்றம் சாட்டினார்களோ அந்தச் சட்டம் முழுவதும் "அவன்" என்றே எழுதப்பட்டிருந்தது. அந்தனி அம்மையார் இதைச் சுட்டிக்காட்டி ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். "அவன்" என்பதில் நான் அடக்கமில்லையென்றால் என்னைத் தண்டிக்க வழியில்லை. அடக்கமென்றால் என் வாக்கைத் தடுக்க வழியில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். இதற்கு இன்றுவரை யாரும் நேரான பதில் சொன்னதில்லை. 1873-இல் விசாரணை நடந்தபோது, பெண்ணாகையால் தம் பொருட்டுத் தாமே சாட்சி சொல்லவும் அவரை அனுமதிக்கவில்லை. குற்றவாளி என்று முடிவு சொல்லும்படி ஜூரிகளுக்கு நீதிபதியே உத்தரவிட்டார். 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அம்மையார் அதைக் கடைசிவரையில் செலுத்தவில்லை. 1875-இல் அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு வேறொரு பெண்ணின் வழக்கில், ஸ்திரீ பிரஜைதான்; ஆனால் பிரஜைக்கு வாக்குரிமை இருந்தே தீர வேண்டுமென்பதில்லை என்று தீர்ப்பளித்தது. அங்கே பால் வித்தியாசத்தால் வாக்கு மறுக்கலாகாது என்ற திருத்தம் 1920-இல்தான் வந்தது.

ஸ்விட்ஜர்லாந்தில் இதே கேள்வியைக் கிளப்பியவர் ஒரு சட்ட நிபுணர். எமிலி கெம்பின்-ஸ்பீரி என்ற அம்மையார் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் ஸ்விஸ் பெண்மணி. தம் கணவருடைய வழக்கில் ஜூரிக் கோர்ட்டில் ஆஜராக முயன்றபோது, வாக்குரிமையுள்ள பிரஜை அல்லர் என்று அவரைத் தடுத்தார்கள். ஸ்விஸ் மக்கள் யாவரும் சட்டத்தின் முன் சமம் என்று 1874-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் கூறிற்று. நானும் ஸ்விஸ் அல்லவா என்று அவர் சமஷ்டிக் கோர்ட்டை அணுகினார். 1887 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இந்த வியாக்கியானம் புதுமையானதும் துணிச்சலானதுமாகும் என்று கூறி அதை நிராகரித்தார்கள். சட்டத்தைக் கற்ற ஸ்திரீக்குச் சட்டத்தில் இடமில்லை. ஜூரிக் மாகாணம் 1898-இல் பெண்களை வக்கீல் தொழிலில் அனுமதித்தபோது அவருடைய உடல்நலமும் மனநலமும் குலைந்திருந்தன. 1901-இல் பாஸல் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் அவர் காலமானார்.

நம் நாட்டுக்கு இந்தப் பீடை ஆங்கிலச் சட்டத்தோடு கூடவே கப்பலேறி வந்தது. ரெஜினா குஹா என்ற பெண்மணி பி.எல். தேறி, அலிபூர் ஜில்லாக் கோர்ட்டில் பிளீடராகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பித்தார். 1879-ஆம் வருஷத்துச் சட்டம், தகுதியுள்ள எந்த "நபரும்" பதிவு செய்துகொள்ளலாம் என்றது. ஆண்பாற் சொல் பெண்ணையும் தழுவும் என்ற பொது விதியும் நம் சட்டத்தில் இருந்தது. ஆயினும் 1916-இல் கல்கத்தா ஹைக்கோர்ட்டு அவருக்கு இடமில்லை என்றது. 1921-இல் ஸுதான்ஸுபாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பாட்னா ஹைக்கோர்ட்டும் அவ்வாறே தள்ளியது. அதே வருஷத்தில் அலகாபாத் ஹைக்கோர்ட்டு கொர்னீலியா ஸோராப்ஜியை வக்கீலாகப் பதிவு செய்தது. சட்டம் ஒன்று, நீதிபதிகள் வேறு, ஆகவே பெண் ஓர் ஊரில் நபர், மற்றோர் ஊரில் நபரல்லள்! இந்த அலங்கோலத்தைத் தீர்க்க 1923-இல் தனிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு 36 வருஷங்களுக்குப்பின், 1959-இல், அன்னா சாண்டி கேரள ஹைக்கோர்ட்டில் நீதிபதியாக அமர்ந்தார்.

கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப்போட்ட பெருமை கானடாவைச் சேர்ந்த ஐந்து மாதர்களுக்கு உரியது. அவர்களில் முதன்மையானவர் எமிலி மர்ஃபி. 1916-இல் அவர் எட்மண்டன் நகரத்தில் மாஜிஸ்திரேட்டானபோது, பெண் "நபர்" ஆகாள் என்று அவர் கோர்ட்டிலேயே ஒரு வக்கீல் ஆட்சேபித்தார். செனட் சபைக்குத் தகுதியுள்ள "நபர்களை" நியமிக்கலாம் என்ற 1867-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில் பெண்கள் அடக்கமா என்று இந்த ஐவரும் கேட்டார்கள். 1928 ஏப்ரலில் கானடாவின் ஸுப்ரீம் கோர்ட்டு இல்லை என்றது. அவர்கள் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார்கள். 1929 அக்டோபர் 18-ஆம் தேதி ஸாங்கி பிரபு தீர்ப்பு வாசித்தார். ஸ்திரீகளைப் பொது உத்தியோகங்களிலிருந்து விலக்கியது காட்டுமிராண்டிக் காலத்தின் மிச்சம் என்றார். "நபர்" என்பதில் பெண்ணை ஏன் சேர்க்க வேண்டுமென்று கேட்பது முறையன்று. ஏன் சேர்க்கக் கூடாதென்றே கேட்க வேண்டும் என்றார். வக்கீல்கள் இதன் அருமையை அறிவார்கள். நிரூபிக்கும் பாரம் யார் தலையில் இருக்கிறதோ அவர் பாதி வழக்கை இழந்தவர். அதுவரையில் அந்தப் பாரத்தைப் பெண்ணே சுமந்திருந்தாள். அன்று அது மறுப்பவர் தலைக்கு மாறிற்று. மறு வருஷமே கெய்ரீன் வில்ஸன் என்ற மாது செனட்டரானார்.

இத்தனை வழக்குகளின் படிப்பினையையும் ஒரே சொல்லில் அடக்கிக் காட்டியவர் ஓர் இந்திய மாது என்பதில் நாம் நியாயமாகவே பெருமை கொள்ளலாம். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கமிஷனில் இந்தியப் பிரதிநிதியாக இருந்தவர் ஹன்ஸா மேத்தா. சர்வதேச உரிமைப் பிரகடனத்தின் நகலில் முதற் பிரிவு, எல்லா "மனிதன்களும்" சுதந்தரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று ஆண்பாற் சொல்லால் அமைந்திருந்தது. அதில் பெண்களும் அடக்கமென்றே யாவரும் பொருள்கொள்வார்கள் என்பது அக்கமிஷனின் தலைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரின் கருத்து. அந்த நம்பிக்கை எங்கெங்கே பொய்த்தது என்பதை மான்செஸ்டர் முதல் பாட்னா வரையில் நாம் பார்த்தோம். ஹன்ஸா மேத்தா விடவில்லை. "மனிதப் பிறவிகள் யாவரும்" என்ற பொருளில் வாசகம் மாறிற்று. 1948 டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் அந்த வடிவிலேயே பிரகடனம் நிறைவேறியது. எந்த நகரத்தில் "மனிதன்" என்ற சொல் ஒலிம்ப் தெ கூழை வெளியே நிறுத்தியதோ அதே நகரத்தில் அந்தக் கதவு அடைபட்டது.

சொல் திருந்தினால் போதுமா? ஸ்விட்ஜர்லாந்தைத் திரும்பவும் பார்ப்போம். ஜனநாயகத்துக்குத் தொட்டில் என்று பெயர்பெற்ற அந்நாட்டில் பெண்களுக்கு வாக்களிக்கலாமா என்ற விஷயத்தை ஆண்களின் வாக்குக்கே விட்டார்கள். 1959-இல் ஏறக்குறைய 100-க்கு 67 வாக்குகள் வேண்டாம் என்று விழுந்தன. 1971 பிப்ரவரி 7-ஆம் தேதி 100-க்கு 66 வாக்குகள் வேண்டும் என்று விழுந்தன. சென்னைச் சட்டசபை பெண்களின் தகுதியின்மையை நீக்கித் தீர்மானம் செய்தது 1921-இல் என்பதை நேயர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்ற சிறு மாகாணம் அதற்கும் மசியவில்லை. அங்கே வாக்குரிமைக்கு அடையாளமாக ஆண்கள் இடையில் கத்தி தரித்து மைதானத்தில் கூடிக் கையுயர்த்தி வாக்களிப்பது வழக்கம். 1990 ஏப்ரலிலும் அவர்கள் பெண்களை அனுமதிக்க மறுத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண்கள் சமஷ்டிக் கோர்ட்டுக்குச் சென்றார்கள். 1990 நவம்பர் 27-ஆம் தேதி, மாகாணச் சட்டத்தில் ஊர்மக்களைக் குறிக்கும் சொல் பெண்களையும் தழுவும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1887-இல் புதுமை, துணிச்சல் என்று எந்த வியாக்கியானத்தைத் தள்ளினார்களோ அந்த வகை வியாக்கியானத்தையே 103 வருஷங்களுக்குப்பின் அதே கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. இடையில், 1981-இல், ஸ்திரீ புருஷ சமத்துவம் அரசியல் சட்டத்தில் ஏறியிருந்தது. மாகாணத்தின் வாசகமோ மாறவில்லை. அதை வாசித்தவர்களின் மனம் மாறியிருந்தது.

ஜனங்களில் பெரும்பான்மையோர் மனம் கனியட்டும், அதுவரையில் பொறுத்திருங்கள் என்று சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. பெண்களே கேட்கவில்லையே என்பாரும் உண்டு. பெரும்பான்மையின் தீர்ப்பு ஜனநாயகத்தின் உயிர்நாடி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வழக்கில் ஒரு கட்சியாக நிற்பவரே நீதிபதியாகவும் அமர்ந்தால் அதற்கு ஜனநாயகம் என்று பெயரில்லை. ஜனங்கள் யார் என்பதை முதலில் முடிவு செய்த பிறகல்லவா ஜனங்களின் பெரும்பான்மையை எண்ண வேண்டும்? பெண்கள் எல்லாரும் கேட்கவில்லை என்பதும் வாதமாகாது. தேர்தலன்று வீட்டில் உறங்கும் புருஷனுடைய வாக்கை யாரும் பறிப்பதில்லையே!

நம் வீட்டுக்கு வருவோம். மக்களென்று சுட்டப்படுவோர் யாவரும் உயர்திணை என்று வகுத்தது தமிழ் இலக்கணம். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தைப் பலர்பால் என்ற ஒரே பாலில் வைத்தது. "அவர்" என்ற நம் சொல் இருபாலாருக்கும் பொது. இலக்கணம் கொடுத்ததை வழக்கம் பறித்துக்கொண்டது. 1950 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம் வயது வந்தோர் யாவருக்கும் வாக்களித்தது. பால் வித்தியாசம் பாராட்டலாகாது என்று வெளிப்படையாகவே சொல்லிற்று. ஆயினும் முதற் பொதுத் தேர்தலுக்கு ஜாபிதா தயாரானபோது வடநாட்டில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய தாயார், இன்னாருடைய மனைவி என்று மட்டுமே பதிவாயினர். பெயரில்லாதவரை வாக்காளராகச் சேர்க்க முடியாதென்று ஏறக்குறைய 28 லட்சம் பேரை நீக்கினார்கள். சட்டம் அவர்களை மனிதரென்றது. சமூகமோ அவர்களுக்குச் சொந்தப் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

சொத்து விஷயமும் இத்தகையதே. ஹிந்துக் கூட்டுக் குடும்பத்தில் பிறப்பினாலே பங்குடையவன் மகன் ஒருவனே என்ற விதியைத் தமிழ்நாடு 1989-இல் திருத்தி மகளுக்கும் சமபங்கு அளித்தது. அதற்கு முன்னரே மணமானவர்களுக்கு அந்தத் திருத்தம் பயன்படவில்லை. 2005-இல் மத்திய சட்டம் மகளை மகனைப் போலவே பங்காளியாக்கிற்று. உரிமையோடு கடமைகளும் அவளுக்குச் சமமே என்றது. சுமையும் சுதந்தரமும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தது இங்கேதான். ஆயினும் 2015-இல் ஸுப்ரீம் கோர்ட்டு, சட்டம் அமலான 2005 செப்டம்பர் 9-ஆம் தேதியன்று தந்தை உயிரோடிருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று பொருள் கூறிற்று. மகனிடம் யாரும் கேளாத நிபந்தனை! 2020 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அதை மாற்றி, மகளுடைய உரிமை பிறப்பினால் வருவது, தந்தை அன்று உயிரோடிருந்தாரா என்பது கேள்வியன்று என்று தீர்த்தது. இவ்வளவும் ஆன பின்னரும், ரிஜிஸ்திரார் ஆபீஸில் சகோதரர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துக் கையொப்பமிடும் சகோதரிகள் எத்தனை பேர்! பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்ற அச்சத்தால் பங்கைத் துறப்பது விருப்பமாகாது.

வெளிப்படையான வாசகமும் காவலின்றி நில்லாது என்பதற்கு ஆப்கானிஸ்தானமே சாட்சி. ஆணாயினும் பெண்ணாயினும் பிரஜைகள் யாவருக்கும் உரிமையும் கடமையும் சமம் என்று அந்நாட்டின் 2004-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் 22-ஆவது பிரிவில் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிற்று. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கதவு அடைபட்டது. 2022 டிசம்பரில் சர்வகலாசாலைக் கதவும் அடைபட்டது. ஒரு தலைமுறை கட்டியதை ஓர் உத்தரவு இடித்தது.

ஆகவே நமது நேயர்களுக்கு, முக்கியமாக அரசியல் வேலையில் ஈடுபட்டோருக்கு, நாம் சொல்வது இதுவே. சட்டத்தில் சொல் சேர்ந்ததோடு வேலை முடிந்ததென்று கைகட்டி நிற்காதீர்கள். 2023-இல் நிறைவேறிய 106-ஆவது திருத்தம் சட்டசபைகளிலும் லோக்சபையிலும் மூன்றில் ஒரு பங்கை மாதர்களுக்கு ஒதுக்கியது. ஆனால் ஜனக்கணக்கும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகே அது பலிக்கும் என்று விதித்தது. மறு வருஷம் நடந்த தேர்தலில் லோக்சபையின் 543 ஸ்தானங்களில் மாதர்கள் வென்றவை 74. அபேட்சகர்களைப் பொறுக்கும் கமிட்டிகளில் உட்காருவோர் எந்தச் சட்டத்துக்கும் காத்திராமல் இதைத் திருத்த முடியும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் வக்கீல், சகோதரியைத் தனியே அழைத்து அவளுடைய பங்கு இவ்வளவென்று எடுத்துச் சொல்ல முடியும். வாக்காளர் ஜாபிதாவைச் சரிபார்க்கும் தொண்டர், வீட்டுப் பெண்களின் பெயரை அவர்களிடமே கேட்டு எழுத முடியும்.

"மனிதர்" என்ற சொல்லின் பொருளை நியாயஸ்தலங்கள் ஒருவாறு கற்றுக்கொண்டுவிட்டன. நம் கூடங்களும் கமிட்டி அறைகளும் அதை இன்னும் கற்க வேண்டியிருக்கிறது. அங்கே நீதிபதிகள் நாமே. பெண் ஏன் கூடாது என்று காட்டும் பாரம் நம்மேல் இருக்கிறது. அதைக் காட்ட நம்மால் ஆகாதென்றால் வழிவிட்டு நிற்பதே நியாயம்.